பிராட்ஃபீல்டு: 8 வாக்கு முன்னிலை 26 வாக்குத் தோல்வியானது எப்படி?

கோர்டன் பக்கம் (கேள்வி)

2025 மே 3ஆம் தேதி நடந்த ஆஸ்திரேலிய மத்தியத் தேர்தலில், சிட்னி நார்த் ஷோரின் பிராட்ஃபீல்டு தொகுதிக்கான மறு எண்ணிக்கை ஜூன் 4ஆம் தேதி முடிந்துவிட்டது. மே 23ஆம் தேதி எண்ணி முடித்தபோது லிபரல் (வலதுசாரிப் பெரிய கட்சி) வேட்பாளர் கிசெல் கப்டேரியன் 8 வாக்கு முன்னால் நின்றார். மறுபடி எண்ணியதும் சுயேச்சை வேட்பாளர் நிக்கோலெட் போலே 26 வாக்கில் ஜெயித்துவிட்டார். அதே பெட்டிகள், அதே சீட்டுகள். அப்படியென்றால் இந்த 34 வாக்கு எங்கிருந்து எங்கே போனது?

இன்னொரு கேள்வியும் உண்டு. முதல் விருப்பில் கப்டேரியன் 38% அளவு, போலே 27% அளவு. பதினொரு புள்ளி பின்னால் இருந்தவர் ஜெயிக்க இந்த முறையில் வழி இருக்கிறது என்று தெரியும். அது சீட்டுச் சீட்டாக எப்படி நடக்கிறது என்பதுதான் புரியவில்லை. 1949இல் உருவான நாளிலிருந்து லிபரல் கையைவிட்டுப் போகாத தொகுதி இது. நாட்டிலேயே மிக வசதியான தொகுதிகளில் ஒன்று. இப்போது ஏன் போனது? நீதிமன்றத்துக்குப் போனால் என்ன ஆகும்? கட்சிச் சண்டை வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணிக்கை மேசை

முதலில் 38, 27 கணக்கு. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு ‘விருப்பு வாக்கு’ என்ற சொல்லே குழப்பும். அங்கே பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி (X குறி) போட்டுவிட்டு, அதே பட்டியலில் மூன்று பேர் வரை தெரிவு செய்வதைத்தான் விருப்பு வாக்கு என்பார்கள். இங்கே அது வேறு. பிரதிநிதிகள் சபை, அதாவது கீழ்ச்சபைச் சீட்டில் இருக்கும் எல்லாப் பெயர்களையும் 1, 2, 3 என்று கடைசி வரை வரிசைப்படுத்த வேண்டும்.

சனிக்கிழமை மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அந்தந்தச் சாவடியிலேயே பெட்டியைத் திறந்து, 1 யாருக்கு விழுந்திருக்கிறது என்று பிரித்து அடுக்குகிறார்கள். அதே இரவில் இன்னொரு எண்ணிக்கையும் நடக்கும். கடைசியில் மோதப்போகும் இருவர் யார் என்று தேர்தல் ஆணையம் முன்கூட்டியே ஊகித்து வைத்திருக்கும். மற்ற வேட்பாளர்களின் சீட்டு ஒவ்வொன்றிலும் அந்த இருவரில் யாருக்குச் சிறிய எண் விழுந்திருக்கிறது என்று மட்டும் பார்த்து இரண்டு அடுக்காகப் பிரிப்பார்கள். தொலைக்காட்சியில் அன்றிரவு ஓடும் ‘இருவர் எண்ணிக்கை’ இதுதான். சட்டப்படி அது முடிவல்ல, மக்களுக்கு ஒரு நிலவரம் தெரியட்டும் என்று செய்வது.

சட்டப்படி முடிவைச் சொல்வது, தபால் வாக்கு முதலிய எல்லா உறைகளும் வந்து சேர்ந்த பிறகு நடக்கும் முழு விருப்புப் பகிர்வு. மிகக் குறைந்த வாக்கு வாங்கியவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, களத்தில் மிஞ்சியிருப்பவர்களில் அடுத்த எண் யாருக்கோ அவருடைய அடுக்கில் வைக்கிறார்கள். பிறகு அடுத்த கடைசி ஆள். இருவர் மிஞ்சும்வரை இது நடக்கும். எத்தனை கை மாறினாலும் சீட்டின் மதிப்பு குறையாது, எப்போதும் முழு ஒரு வாக்கு.

பிராட்ஃபீல்டை 100 சீட்டாகச் சுருக்கிப் பாருங்கள். கப்டேரியனுக்கு 38, போலேக்கு 27, இடது பக்கம் சாய்ந்த பெரிய கட்சியான லேபருக்குச் சுமார் 20. பசுமைக் கட்சிக்கும் மற்றச் சிறிய வேட்பாளர்களுக்கும் சேர்த்து 15. இந்தக் கடைசி 35 சீட்டுகள்தான் முடிவு செய்தன. அவற்றில் ஏறக்குறைய 23 போலேயிடம் போயின, 12 கப்டேரியனிடம் போயின. இரண்டு பக்கமும் 50. மூன்றில் இரண்டு பங்கு ஒரு பக்கம் சாய்ந்ததால் பதினொரு புள்ளி இடைவெளி கரைந்தது. அந்தச் சாய்வு நூற்றில் ஒரு பங்கு குறைந்திருந்தாலும் இப்போது நாம் வேறு முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

பலருக்கும் புலப்படாத ஒன்று: எட்டுப் பெயர் உள்ள சீட்டில் லேபருக்கு 1 போட்டுவிட்டு, கோபத்தில் போலேக்கு 7, கப்டேரியனுக்கு 8 என்று கடைசியில் தள்ளியிருந்தாலும், அந்தச் சீட்டு இறுதியில் போலேக்கு ஒரு முழு வாக்கு. கீழே தள்ளிவிட்டோம், இனி அந்த எண்ணுக்கு வேலையில்லை என்று நினைக்கும் 7, 8 வரிசைதான் இந்தத் தொகுதியில் ஆளைத் தேர்ந்தெடுத்தது. சாவடி வாசலில் கட்சிக்காரர்கள் நீட்டும் வாக்கு வழிகாட்டி அட்டை வெறும் ஆலோசனைதான். கட்சிகள் பேசி வைத்துக்கொண்டு விருப்பு வாக்குகளை மாற்றிவிடுகின்றன என்பது கீழ்ச்சபையைப் பொறுத்தவரை தவறு. எண்ணைப் போடுவது உங்கள் கை.

வாக்குப்பெட்டி

தபால் வாக்கு வந்து சேர்ந்ததால்தான் மறு எண்ணிக்கையில் மாறியது என்று இரண்டு மூன்று இடத்தில் படித்தேன். அதுதானே காரணம்?

சீட்டுப் பார்வை

இல்லை. தபால் வாக்குகள் முன்னிலையை ஆட்டிவைத்தது மே மாத நடுப்பகுதியில். அதையும் மறு எண்ணிக்கையையும் கலக்கக் கூடாது.

தபால் உறை தேர்தல் நாளுக்குப் பிறகு 13 நாள் வரை, அதாவது இந்த முறை மே 16 வரை, வந்து சேரலாம். ஆனால் வாக்கை 3ஆம் தேதி மாலை 6 மணிக்கு முன்பே போட்டுக் கையெழுத்தும் சாட்சியும் வாங்கியிருக்க வேண்டும். தபால் வாக்கில் வயதானவர்கள் அதிகம் என்பதால் அது பொதுவாக லிபரல் பக்கம் சாயும். அதே மாநிலத்தில் வேறு தொகுதிச் சாவடியில் போட்ட வெளியிட வாக்குகள் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சாயும். எந்த உறை எந்த நாளில் பிரிக்கப்படுகிறதோ அதைப் பொறுத்து முன்னிலை ஊஞ்சலாடும். மே மாதம் முழுக்க நாம் பார்த்தது அதைத்தான். 23ஆம் தேதி 8 வாக்கு என்று வந்தபோது இந்த உறைகள் எல்லாம் கணக்கில் சேர்ந்தாயிற்று.

முழுப் பகிர்வுக்குப் பிறகு வித்தியாசம் 100க்குக் கீழ் இருந்தால் ஆணையம் தானாகவே மறு எண்ணிக்கை வைக்கும். அதற்கு மேல் என்றால் வேட்பாளர் குறிப்பான காரணம் காட்டிக் கேட்க வேண்டும். மெல்போர்னின் கோல்ட்ஸ்டீனில் டிம் வில்சன் 260 வாக்கில் முன்னால் இருந்தபோது ஸோயி டேனியல் கேட்டார். முழுமையாக அல்ல, ஒரு பகுதியை மட்டும் மறுபடி எண்ண ஆணையம் ஒத்துக்கொண்டது. வித்தியாசம் 175 ஆகக் குறைந்தது, ஆள் மாறவில்லை.

பிராட்ஃபீல்டில் மே 26ஆம் தேதி தொடங்கினார்கள். மறு எண்ணிக்கையில் ஒவ்வொரு சாவடியின் கட்டையும் பிரித்து, ஒவ்வொரு சீட்டையும் முழுதாகப் பார்க்கிறார்கள். இரு தரப்பு எண்ணிக்கை முகவர்களும் மேசைக்கு எதிரே நிற்பார்கள். அவர்கள் பார்க்கலாம், ஆட்சேபிக்கலாம், தொடக் கூடாது. ஆட்சேபித்த சீட்டைத் தொகுதித் தேர்தல் அதிகாரி பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். அதையும் ஏற்காவிட்டால் சீட்டு தனியாக ஒதுக்கப்பட்டு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தல் அதிகாரியிடம் போகும். எண்ணிக்கை மண்டபத்தில் அவர் சொல்வதே கடைசிச் சொல்.

இப்போது 34க்கு வருவோம். ஒரு சீட்டு தவறான அடுக்கில் இருந்து சரியான அடுக்குக்கு மாறினால் வித்தியாசம் 2 நகரும், ஒருவருக்குக் குறைந்து மற்றவருக்குக் கூடும். செல்லும் என்று வைத்திருந்த சீட்டு செல்லாததாகிவிட்டால் 1 நகரும். செல்லாது என்று ஒதுக்கியது செல்லுபடியானாலும் 1. ஆக, வெறும் 17 சீட்டு தவறான கட்டில் இருந்திருந்தாலே 34 நகர்ந்துவிடும். நடைமுறையில் இந்த மூன்று வகையும் கலந்துதான் வரும். இரண்டு பக்கமும் திருத்தங்கள் நடந்து, பெரும்பாலானவை ஒன்றையொன்று சமன் செய்து, மிஞ்சியது 34. செல்லும் வாக்கு 1 லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேல். அதில் 34 என்பது 10,000க்கு 3 சீட்டு. கையால் எண்ணும் வேலையில் இது மிகச் சிறிய பிழை.

தவறு எங்கே நுழைகிறது என்று கேட்டால், பெரும்பாலும் கண்ணில்தான். முதல் இரவில் பணியாளர் 1ஐத் தேடிப் பிரிக்கிறார். அடுத்த நாட்களில் எண்ணும் மையத்தில் ஒவ்வொரு சீட்டையும் மறுபடி சரிபார்க்கிறார்கள், அப்போது நிறையப் பிழை களையப்படும். ஆனாலும் 1, 2, 3, 4, 5, 5, 7, 8 என்று போட்ட சீட்டில் இரண்டாவது 5 வேகமாகப் பார்க்கும் கண்ணுக்குத் தப்பும். ஒட்டிக்கொண்ட இரண்டு சீட்டு ஒன்றாகப் போகும். கட்டின் நடுவே மற்றவருடைய சீட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். மறு எண்ணிக்கையில் ஒவ்வொரு முகவரும் எதிர்த்தரப்பு அடுக்கைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். அதனால்தான் அந்த எண்ணிக்கை அவ்வளவு துல்லியமாக வருகிறது.

கோர்டன் பக்கம்

17 சீட்டு விளக்கம் நன்றாகப் புரிந்தது. 1ஐயும் 7ஐயும் வைத்துத் தகராறு வரும் என்கிறார்களே, அது என்ன? எந்தச் சீட்டு செல்லும், எது செல்லாது என்பதற்கு எழுத்தில் விதி இருக்கிறதா, அதிகாரியின் மனம்தானா?

சீட்டுப் பார்வை

விதி எழுத்தில் இருக்கிறது. விளிம்பில் மட்டும் தீர்மானம் தேவைப்படும். ஐரோப்பியப் பழக்கத்தில் 1க்கு முன்னால் ஒரு கொக்கி போட்டு எழுதுபவர்கள் உண்டு. கொக்கி நீண்டுவிட்டால் 7 மாதிரித் தெரியும். சிலர் 7க்கு நடுவே ஒரு கோடு போடுவார்கள், அது 4 போலவோ 1 போலவோ தோன்றும். தனியாக அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்தால் முடிவெடுக்க முடியாது. அதே சீட்டில் மற்ற எண்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். 2, 3, 4, 5, 6, 8 தெளிவாக இருந்து, மிச்சம் இரண்டு கட்டத்தில் ஒன்றுக்குக் குறுக்குக்கோடு இருந்தால், அதே கை எழுதிய 1 எது, 7 எது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரண்டும் அச்சாக ஒரே மாதிரி இருந்தால் சீட்டு போச்சு.

அதிகாரிகள் பின்பற்றும் நெறிகள் எளிமையானவை. வந்தவர் வாக்குப் போடவே நினைத்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய எண்ணத்தைச் சீட்டில் எழுதியிருப்பதிலிருந்து மட்டும் கண்டுபிடிக்க வேண்டும், ஊகிக்கக் கூடாது. சீட்டை முழுதாக வாசிக்க வேண்டும். ஐயம் இருந்தால் வாக்குரிமையின் பக்கம் சாய வேண்டும்.

நடைமுறையில் எது செல்லும்? எல்லாக் கட்டமும் வரிசையாக நிரப்பியது. ஒரே ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக விட்டு மற்றவை வரிசையாக இருந்தாலும் செல்லும், அந்த வெறுமையான கட்டமே கடைசி விருப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். அடித்துத் திருத்தி எழுதியது, தெளிவாக இருந்தால் செல்லும். ஓரத்தில் அரசியல்வாதியைத் திட்டி எழுதியிருந்தாலும் எண் சரியாக இருந்தால் செல்லும். ஆனால் எழுதியவர் யார் என்று தெரியும்படி பெயரோ கையெழுத்தோ போட்டுவிட்டால் செல்லாது. வாக்கின் இரகசியத்தைக் காக்க அந்த விதி.

செல்லாதவை: ஒரே எண் இரண்டு முறை, நடுவில் ஓர் எண் தவறியது, 1 மட்டும் போட்டுவிட்டு மடித்தது. இந்தக் கடைசித் தவறு நியூ சவுத் வேல்ஸில் மற்ற மாநிலங்களைவிட எளிதாக வரும். ஏனென்றால் இங்கே மாநிலத் தேர்தலில் 1 மட்டும் போட்டாலே போதும், மற்றவை விருப்பம். அதே பழக்கத்தில் மத்தியத் தேர்தலில் போட்டால் வாக்கு வீண். பிறகு, நம் ஆட்களிடம் வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டியது: புள்ளடியும் சரி அடையாளமும் கீழ்ச்சபைச் சீட்டில் எடுபடாது, எண்தான் வேண்டும். செனட் (மேல்சபை) சீட்டில் புள்ளடியையோ சரிக்குறியையோ 1 என்று ஏற்றுக்கொள்வார்கள், அதனால் குழப்பம் இன்னும் கூடுகிறது. 26 வாக்கில் முடிவான தொகுதியில் இதை நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது. ஊரில் காலமெல்லாம் புள்ளடி போட்டுப் பழகிய பெரியவர் ஒருவர் இங்கே வரிசையில் நின்று, பெயர் சரிபார்த்து, திரைக்குப் பின்னால் போய்ப் போட்ட வாக்கு எண்ணப்படாமல் போவது சின்ன விஷயம் அல்ல.

பசிபிக் சாலை

ஏன் இந்தத் தொகுதி மாறியது என்பதற்கு வருகிறேன். பணக்காரர்கள் இடதுசாரி ஆகிவிட்டார்கள் என்று ஒரு வரியில் முடிக்கிறார்கள், அது தவறு. லேபருக்கு இங்கே இன்னமும் ஐந்தில் ஒரு பங்குதான்.

துறைமுகப் பாலத்தைக் கட்டிய பொறியாளர் ஜான் பிராட்ஃபீல்டின் பெயர் இதற்கு. 1949இல் முதல் உறுப்பினர் முன்னாள் பிரதமர் பில்லி ஹியூஸ். பிறகு ஹாரி டர்னர், டேவிட் கானலி, பிரெண்டன் நெல்சன், 2009 இடைத்தேர்தலிலிருந்து பால் ஃபிளெட்சர். 76 ஆண்டில் ஐந்தே பேர், ஐவரும் லிபரல். இந்த இடத்தில் உண்மையான போட்டி வேட்பாளரைக் கட்சிக்குள் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில்தான் இருந்தது. 1996 தேர்தலுக்கான தேர்வில் நெல்சன் பதவியில் இருந்த கானலியை அங்கேதான் வீழ்த்தினார்.

2019இல் லேபரோடு மோதி ஃபிளெட்சர் மூன்றில் இரண்டு பங்கு வாங்கினார். 2022இல் எதிரில் நின்றது லேபர் அல்ல, போலே. ஃபிளெட்சர் 54.2 விழுக்காட்டுக்கு இறங்கினார். மூன்று ஆண்டில் இத்தனை பேர் கொள்கை மாறிவிடவில்லை. லேபருக்கு ஒருநாளும் போடாத லிபரல் வாக்காளருக்கு, வரியிலும் தொழிலிலும் தன்னைப் போலவே பேசி, காலநிலை மாற்றத்திலும் அரசியல் நேர்மையிலும் கட்சியைவிட முன்னால் நிற்கும் ஓர் ஆள் கிடைத்தார். அதே நேரத்தில் லேபர், பசுமைக் கட்சி வாக்காளர்கள் அவரையே இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ போடுவார்கள். சுயேச்சை எப்படியாவது இரண்டாம் இடத்துக்கு வந்துவிட வேண்டும், மூன்றாம் இடத்தில் இருப்பவரின் சீட்டுகள் அவரைத் தூக்கிவிடும். லேபர் மூன்றாவதாக வருவதே சுயேச்சைக்குத் தேவை. ‘டீல்’ (teal, நீலப்பச்சை நிறம்) என்று அழைக்கப்படும் இந்த வகைச் சுயேச்சைகளின் வழி எல்லா இடத்திலும் இதுவே. 2022இல் கூயோங், வென்ட்வொர்த், மெக்கெல்லர் ஆகிய மூன்று தொகுதிகளிலும் நடந்தது அதுதான்.

அடுத்தது எல்லை. மக்கள்தொகைக் கணக்குப்படி நியூ சவுத் வேல்ஸின் இடங்கள் 47இலிருந்து 46 ஆனதால், 2024இல் நார்த் சிட்னி தொகுதியையே கலைத்தார்கள். அதன் ஒரு பகுதியான வில்லோபி, நார்த்பிரிட்ஜ், காஸ்ல்க்ராக் பக்கம் பிராட்ஃபீல்டோடு சேர்ந்தது. அந்தத் தெருக்கள் 2022இல் சுயேச்சை கைலியா டிங்கைத் தேர்ந்தெடுத்த தெருக்கள். அதனால் ஒருவரும் மனம் மாறாமலே லிபரலின் இடைவெளி 4.2 புள்ளியிலிருந்து சுமார் 2.5 ஆகச் சுருங்கியது. என் கணிப்பில் பழைய எல்லையிலேயே தேர்தல் நடந்திருந்தால் லிபரல் தப்பியிருக்கும். 26 வாக்கு முடிவில் எந்தக் காரணமும் காரணம்தான் என்று சொல்லலாம், ஆனாலும் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எல்லைக் கோடு என்பேன்.

மூன்றாவது, ஃபிளெட்சர் 2024 டிசம்பரில் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தது. 15 ஆண்டு உறுப்பினரின் தனிப்பட்ட வாக்கு அவரோடு போய்விடும். கப்டேரியன் 2025 ஜனவரியில்தான் வேட்பாளரானார். போலே அதற்குள் மூன்று ஆண்டாகத் தன்னைத் தொகுதியின் நிழல் பிரதிநிதி என்று அறிவித்துக்கொண்டு, தோற்ற மறுநாளிலிருந்தே களத்தில் இருந்தார். ஒரு வேட்பாளருக்கு நான்கு மாதம், மற்றவருக்கு மூன்று ஆண்டு.

கொள்கைப் பக்கம், அரசு ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்வதை நிறுத்துவோம் என்று லிபரல் சொல்லி, ஏப்ரல் தொடக்கத்தில் பின்வாங்கியது. ரயில் பாதை நெடுகப் படித்த, வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த இந்தத் தொகுதியில் பின்வாங்கினாலும் அது அழியவில்லை. ஏழு அணு மின்நிலையத் திட்டமும் இங்கே விலை போகவில்லை.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் கலக்கிறார்கள். கோர்டன், கில்லாரா, லிண்ட்ஃபீல்டு, ரோஸ்வில் நிலையங்களைச் சுற்றி ஆறு மாடிக் கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தது மாநில அரசு. அதை எதிர்த்து வழக்குப் போட்டது கு-ரிங்-கய் நகரவை. மத்திய உறுப்பினர் யார் வந்தாலும் அந்த விதியில் கை வைக்க முடியாது. அதற்காக வாக்கை மாற்றியவர்கள் தவறான கதவைத் தட்டினார்கள்.

வாக்குப்பெட்டி

பணமும் ஒரு காரணம் இல்லையா? காலநிலையை முன்வைக்கும் சுயேச்சைகளுக்கு நிதி கொடுக்கும் கிளைமேட் 200 அமைப்பு கொடுத்தது எவ்வளவு முக்கியம்?

பசிபிக் சாலை

முக்கியம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்சி இல்லாத ஆள் விளம்பரப் பலகையும் அலுவலகமும் பணியாளரும் வைக்க அந்த நிதி இல்லாமல் முடியாது. ஆனால் வாசல் வாசலாகப் போனது சம்பளமில்லாத தொண்டர்கள். அடுத்த தேர்தலில் கணக்கு மாறும். 2025 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம் ஒரு தொகுதியில் ஒரு வேட்பாளர் 8 லட்சம் டாலருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்கிறது, ஒரே கொடையாளரிடம் வாங்கும் தொகைக்கும் 50,000 டாலர் வரம்பு. சுயேச்சைகளின் குறை என்னவென்றால், கட்சிகள் தொகுதி பெயர் சொல்லாமல் நாடு முழுக்க விளம்பரம் செய்வதற்கு 9 கோடி டாலர் வரை தனி வரம்பு இருக்கிறது. சுயேச்சைக்கு அந்தக் கதவு இல்லை. அந்தக் குறை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

எண்ணிக்கை மேசை

நீதிமன்றம் பற்றிய கேள்வி மிச்சம் இருக்கிறது. தேர்தல் ஆணை (தேர்தலை நடத்தச் சொல்லும் உத்தரவு, முடிவு எழுதித் திருப்பிக் கொடுக்கப்படும்) திரும்ப ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 40 நாளுக்குள் மனு போட வேண்டும். இந்த முறை ஆணைகளைத் திருப்பிக் கொடுக்கக் கடைசி நாள் 2025 ஜூலை 9. மனுவை வேட்பாளர் போடலாம், அந்தத் தொகுதியில் வாக்களிக்கத் தகுதி உள்ள யாரும் போடலாம். 500 டாலர் வைப்புத் தொகை கட்ட வேண்டும், வழக்கறிஞர் செலவுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. 40 நாள் தாண்டினால் நீட்டிப்பு கிடையாது.

தேர்தல் தகராறு நீதிமன்றம் என்பது உயர் நீதிமன்றமேதான், ஆஸ்திரேலியாவின் உச்ச அமைப்பு. அது வழக்கை விசாரிக்க மத்திய நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. வழக்கு நடக்கும் காலத்தில் போலே உறுப்பினராகவே அமர்வார், வாக்களிப்பார்.

இதற்கு நெருங்கிய முன்னுதாரணம் விக்டோரியாவின் மெக்யூவன், 2007. முதலில் லேபரின் ராப் மிட்செல் 6 வாக்கில் முன்னால் இருந்தார். மறு எண்ணிக்கையில் லிபரலின் ஃபிரான் பெய்லி 12 வாக்கில் ஜெயித்தார். பிராட்ஃபீல்டு போலவே புரட்டிப்போட்ட முடிவு, கட்சி மட்டும் எதிர்ப்பக்கம். மிட்செல் மனுப் போட்டார். நீதிபதி ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த 643 சீட்டுகளையும் தாமே ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதிகாரி சொன்ன பல தீர்மானங்களை மாற்றினார். ஆனாலும் ஜெயித்தவர் மாறவில்லை. பெய்லியின் இடைவெளி கொஞ்சம் கூடவே செய்தது. ஆணையத்தின் சீட்டு விதிகள் இப்போது இவ்வளவு விரிவாக இருப்பதற்கு அந்த வழக்கு பெரிய காரணம்.

ஆகவே மனுவில் இரண்டு வகை வாதம் வைக்கலாம். ஒன்று, ஒதுக்கிய சீட்டுகளில் அதிகாரியின் தீர்மானம் தவறு என்பது. இதில் நீதிமன்றம் சீட்டைத்தான் பார்க்கும். அதிகாரிக்குப் பதில் தன் கண்ணால் மறுபடி வாசிக்கும். இரண்டு, முறைகேடு, இரட்டை வாக்கு போன்றவை. இங்கே தவறு நடந்தது என்று காட்டினால் போதாது, அது முடிவை மாற்றியிருக்கும் என்று காட்ட வேண்டும். 26 வாக்கு வித்தியாசத்தில் அந்தப் படி மற்ற தொகுதிகளை விடத் தாழ்வு என்பது உண்மை. ஆனால் பெட்டிக்குள் விழுந்த சீட்டில் பெயர் இல்லை. இரட்டை வாக்குப் போட்டவர் யாருக்குப் போட்டார் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

இதைவிட நெருங்கிய முடிவுகளும் வந்திருக்கின்றன. 1919இல் பாலரட்டில் எட்வின் கெர்பி ஒரே வாக்கில் ஜெயித்தார், அந்தத் தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தது. 1974இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்டெர்லிங் 12 வாக்கில் முடிந்தது. அண்மைக் காலத்தில் இந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் நெருங்கி வந்தவை: 2013 ஃபேர்ஃபாக்ஸில் கிளைவ் பாமர் 53 வாக்கு, 2016 ஹெர்பர்ட்டில் கேத்தி ஓ’டூல் 37.

ஆட்சியைப் பொறுத்தவரை இந்த ஓர் இடம் எதையும் மாற்றாது, லேபருக்கு 94 இடம் இருக்கிறது. லிபரலுக்கு அப்படி அல்ல. நார்த் ஷோரின் ரயில் பாதை நெடுகிலும் அவர்கள் வேரூன்றியிருந்த இடம் இது. அருகிலுள்ள வாரிங்கா, மெக்கெல்லர் தொகுதிகள் ஏற்கெனவே போய்விட்டன.

கோர்டன் பக்கம்

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சின்னக் கேள்வி: சாவடியில் எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டால் அடித்துத் திருத்துவதா, வேறு சீட்டுக் கேட்பதா?

சீட்டுப் பார்வை

வேறு சீட்டுக் கேளுங்கள். பெட்டியில் போடும் முன் கெட்டுப்போன சீட்டைச் சாவடி அதிகாரியிடம் கொடுத்தால் அதைத் தனியாக ஒதுக்கிவிட்டுப் புதியது தருவார்கள். கட்டணமும் இல்லை, கேள்வியும் இல்லை. திருத்தியதும் செல்லும்தான், ஆனால் 3ஐ 8 ஆக்கித் தீட்டிய எண்ணை மூன்று வாரம் கழித்து இரண்டு முகவர்கள் எதிரெதிரே நின்று வாசிக்கும்போது எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தபால் வாக்கில் தவறினால் புதிய சீட்டு வந்து சேர நாள் இருக்காது. அங்கே தவறிய எண்ணை ஒரே கோட்டால் அடித்து, கட்டத்துக்கு அருகிலேயே சரியான எண்ணைத் தனியாக எழுதுங்கள், எண் மேல் எண் தீட்ட வேண்டாம். முதலில் வாக்கு வழிகாட்டி அட்டையின் பின்பக்கத்தில் வரிசையை எழுதிப் பார்த்துவிட்டுச் சீட்டில் படியெடுப்பது நல்ல வழி. பிராட்ஃபீல்டு சாவடி வாரியாகவும் சுற்று வாரியாகவும் வேண்டுமென்றால் ஆணையத்தின் முடிவுத் தளத்தில் தொகுதிப் பெயரைத் தட்டி, விருப்புப் பகிர்வு அட்டவணையைத் திறங்கள். யார் எந்தச் சுற்றில் நீக்கப்பட்டார், அவருடைய சீட்டுகள் யாருக்கு எத்தனை போயின என்று முழுதாக இருக்கும்.